கோப்பு இருக்கும் இடம்

பிச்சாட்டூரில் மதகு திறந்தால்
ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் மூழ்கும்.
அன்று தாலுகா ஆபீஸ் ஒரு கரை,
நாங்கள் ஒரு கரை.

அஞ்சலாட்சியின் அக்கா
நாகலாபுரம் பக்கம் வாக்கப்பட்டவள்.
அங்கே அவளுக்குச் சான்றிதழ் உண்டு:
யானாதி, பழங்குடி, வட்ட முத்திரை.
அதே வயிற்றில் பிறந்த தங்கை
பஸ்ஸில் ஒரு மணி நேரம் தள்ளி
எந்த முத்திரையும் இல்லாமல்
செங்கல் சூளையில் மண் பிசைகிறாள்.
ஆறு போட்ட கோடல்ல அது.
ஆறு இரண்டு பக்கமும் ஒரே ஆறுதான்.

நான் தொண்டு நிறுவனத்து ஆள்.
மாதம் பதினாலாயிரம்,
கிக்கர் உதைத்தால் மூன்றாம் முறை கிளம்பும் வண்டி,
இருபத்தேழு இருளர் குடும்பங்கள்,
இருபத்தேழு மனுக்கள்,
ஒவ்வொன்றுக்கும் மூன்று ஜெராக்ஸ்.

விசாரணைக்கு வந்த அதிகாரி
நாற்காலியை வேப்பமர நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு
கேட்டார்: "பாம்பு பிடிப்பியா?"

மூன்று இரவு அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்தது
அரசாணை எண், தேதி, பத்தி.
அவள் அதில் ஒன்றையும் சொல்லவில்லை.
"உங்க தாத்தா என்னா வேல செஞ்சாரு சார்?
அத இப்ப செஞ்சு காட்டுவீங்களா?"

பேனா மூடி கழன்று விழுந்து உருண்டது.
யாரும் சிரிக்கவில்லை.
பின்னால் கன்னியப்பன் மட்டும் இருமினான்,
தேவையில்லாமல், நெடுநேரம்.
"எலியாவது?" என்றார் அவர்.
"சூளையில எலிக்கு என்னா சார் வேல."

அந்த வாரம் ஆண்டறிக்கைக்கு எழுதினேன்:
குரலற்றவர்களின் குரலாக நின்றோம்.
பயனாளிகள்: 27 குடும்பங்கள்.
படிக்கச் சொன்னாள். படித்தேன்.
குரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை,
என்னை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான்.
"பயனாளின்னா?"
"பயன் கெடச்சவங்க."
"என்னா கெடச்சுது?"
நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்,
அது ஏற்கெனவே ஆறியிருந்தது.
"மனுவுல என் பேருக்குக் கீழ என்னா போட்ட?"
"மனுதாரர்."
"அதயே போடு."

சென்னையிலிருந்து ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார்.
நிதி தருகிறவர்களின் படிவத்தில்
அப்படி ஒரு கட்டமே இல்லையாம்.
கட்டம் போடச் சொல்லுங்கள் என்றேன்.
போனை வைத்த பிறகு கை நடுங்கியது.
எங்கள் திட்டம் மார்ச்சில் முடிகிறது.

பதினோரு சான்றிதழ்கள் வந்தன.
ஒன்றில் எல்லப்பன் எள்ளப்பன் ஆகியிருந்தான்.
அஞ்சலாட்சிக்கு வரவில்லை:
"கூடுதல் விசாரணை தேவை."
எந்தக் கேள்விக்கு இந்த விலை என்று
எனக்குத் தெரியும். அவளுக்கும்.
"மேல்முறையீடு" என்றாள்,
வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு,
சந்தைக்குக் கிளம்புகிறவள் போல.

பிறகு கேட்டாள்:
"மார்ச்சுக்கு அப்புறம் நீ இருக்க மாட்ட.
கோப்பு எங்க இருக்கும்?"

சங்கத்துப் பெண்கள் தீர்மானம் போட்டார்கள்.
ஒன்பது கையெழுத்து, பதினெட்டு ரேகை.
எங்கள் பீரோவிலிருந்து எடுத்துப்போய்
உரச்சாக்கில் சுற்றி
கூரை மூங்கிலில் கட்டித் தொங்கவிட்டாள்,
மீன்வலைக்குப் பக்கத்தில்.

ஐப்பசியில் ஆறு ஏறியது.
குடிசைக்குள் முழங்கால் தண்ணீர்,
பானைகள் ஒன்றையொன்று இடித்து மிதந்தன.
எங்கள் அலுவலகக் கீழ்த்தட்டு முழுக்கக் கூழ்.
அவள் கூரையில் தாள் ஈரமாகவில்லை.

நேற்று வழக்கறிஞருக்கு ஒரு நகல் வேண்டியிருந்தது.
வண்டியை மேட்டில் நிறுத்தி
சேற்றில் இறங்கிப் போய்
வாசலில் நின்று கேட்டேன்.
கையைத் துடைத்துக்கொண்டு
கோடு போட்ட நோட்டை நீட்டினாள்:
எடுக்கும் தேதி, என்ன காரணம், கையெழுத்து.
"ஆறு மணிக்குள்ள திருப்பித் தரணும்."

ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இல்லை.
ஆறரை ஆகிவிட்டது.
அதையும் எழுதிக்கொண்டாள்.